மஞ்ச பனியன்

அந்தச் சனிக்கிழமை
அப்பா சம்பளத்தோடு வரவில்லை.
சைக்கிள் கேரியரில் ஒரு மூட்டை வந்தது.

ஊத்துக்குளி ரோட்டு லைன் வீட்டில்
எட்டுக் குடும்பத்துக்கும் ஒரே குழாய்.
குடத்தோடு நின்ற சனமெல்லாம்
வரிசையை அப்படியே விட்டுவிட்டு
எங்கள் வாசலுக்கு வந்தது.
"ஏனுங்க மாஸ்டரே, ஒறம்பரைக்குச் சீருங்களா?"
அப்பா சிரித்து வைத்தார்.
மூட்டையை அவிழ்க்கவில்லை.

அம்மாதான் அவிழ்த்தாள்.
மஞ்சள்.
எலுமிச்சைக்கும் மாரியம்மனுக்கும்
நடுவில் ஒரு மஞ்சள்.
நூற்றுப் பன்னிரண்டு பனியன்,
எல்லாவற்றிலும்
நெஞ்சுக்குக் குறுக்கே இங்கிலீஸ்.
ஒன்றரை ஷிப்ட் தூக்கத்தில்
பிரிண்டிங்காரர் யாரோ
பிலிமைப் புரட்டி வைத்துவிட்டதில்
ஒவ்வொரு எழுத்தும்
முதுகைக் காட்டி நின்றது.
கப்பல் ஏற வேண்டிய சரக்கு.
அங்கே வேண்டாமென்றுவிட்டார்கள்.
இங்கே கம்பெனியில்
சம்பளமாகப் பங்கு பிரித்துவிட்டார்கள்.

சைஸ் ஒன்றே ஒன்றுதான்,
ஏதோ ஒரு தேசத்து எட்டு வயசு.
எனக்குச் சரி.
தம்பி மூர்த்திக்கு முட்டிவரை,
டவுசர் அவனுக்கு மிச்சம்.
கோகிலா அக்கா பாவாடைக்கு மேலே போட்டு
மூச்சை அடக்கிக்கொண்டே நடந்தாள்.
அடுத்த வீடு, எதிர் வீடு, கடைசி வீடு என்று
அம்மா கொடுத்துக்கொண்டே போனதில்
ஒரே வாரத்தில்
பதினோரு பிள்ளைகள் மஞ்சளானோம்.
தெருமுனையில் நின்று யார் கூப்பிட்டாலும்
தப்பான பிள்ளைதான் திரும்பிப் பார்க்கும்.

முடிவெட்டப் போன அன்று
மூர்த்தி கண்டுபிடித்தான்,
ரங்கசாமி சலூன் கண்ணாடிக்குள்
எழுத்து நேராக நிற்கிறது என்று.
முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒன்று.
நேர், புரட்டல், நேர், புரட்டல்,
உள்ளே போகப்போக
பொடிப்பொடியாக மஞ்சள்.
ஆறாவது படித்த சுப்பு
எழுத்துக்கூட்டி ஒரு பேர் சொன்னான்.
ஊர்ப்பேரா, ஆள்பேரா,
தின்கிற பண்டமா தெரியவில்லை.
இப்போது அந்தப் பேரும் நினைவில்லை.
அந்த மாசம் முச்சூடும்
வெட்டிய முடி வளர்வதற்குள்
மறுபடி மறுபடி
சலூன் வாசலில் போய் நின்றோம்.

ராத்திரி
கட்டிங் வேஸ்ட் அடைத்த தலகாணியில்
மூன்று தலைகள் ஒட்டுக்கா.
சுவருக்கு அந்தப் பக்கமாகத் திரும்பிப் படுத்து
அவர்கள் பேசுவார்கள்.

"சந்தையில என்னாச்சுங்க?"
"நாலு போச்சு."
"வாடகைக்கு?"
"பத்து பனியன் எடுத்துக்கிட்டு
ஒரு மாசம் பொறுக்கறேன்னுட்டாங்க நாச்சாத்தா."
"பால்காரரு?"
"அவரு…
கன்னுக்குட்டிக்கு ஒண்ணு கேட்டாரு."

சித்தெ நேரம் சத்தமே இல்லை.
பிறகு அம்மா,
முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.
அப்புறம் அப்பா,
சிரிப்பு இருமலாகி
எழுந்து வெளியே போகிறவரைக்கும்.
எதற்கென்றே தெரியாமல்
நானும் போர்வைக்குள் சிரித்தேன்.
மூர்த்தியை எழுப்பி
அவனையும் சிரிக்க வைத்தேன்.

மார்கழிப் பனியில்
பால்காரர் வீட்டு வேலியோரம்
கன்று நின்றது, மஞ்ச பனியனோடு.
முன்னங்கால் இரண்டையும்
கைக்குள் நுழைத்துவிட்டிருந்தார் மனுசன்.
ஸ்கூலுக்குப் போகிற வழியில்
நாங்கள் அதை "வாடா" என்று கூப்பிட்டோம்.
அது எங்களை
ஒவ்வொருத்தராகப் பார்த்தது.

போன வாரம் அம்மாவின் சமையல்கட்டில்
குக்கர் இறக்குகிற துணியை எடுத்தேன்.
மஞ்சள் போய்
எதுவோ ஒரு நிறம்.
பழைய எழுத்தில் ஒன்றே ஒன்று
தேயாமல் இருந்தது,
வட்டமாக.
இப்படிப் பிடித்துப் பார்த்தேன்.
அப்படித் திருப்பிப் பார்த்தேன்.
புரட்டி அடித்ததா, நேராக அடித்ததா
சொல்ல முடியவில்லை.

"அதை இங்க குடு கண்ணு,
பால் பொங்குது."