அறுபது பாகை

விழவில்லை. பாரம் தூக்கவில்லை.
நவம்பரில் ஒரு செவ்வாய்,
பஸ்ஸின் பின்னிருக்கையில் விட்ட குடையை
எட்டி எடுக்கப் போனேன்.
கை போகவில்லை.

அதுதான் காரணம் என்று
டொக்டர் ஏபிஷரிடம் சொன்னேன்.
அது காரணமில்லை, அன்றைக்குத்தான்
உங்களுக்குத் தெரியவந்தது என்றார்.
வயது கேட்டார்: ஐம்பத்திரண்டு.
சீனி வருத்தம்: ஒன்பது வருடம்.
இரண்டையும் எழுதி அடிக்கோடிட்டுவிட்டு,
மற்றப்படி ஏன் வருகிறதென்று
எங்களுக்கும் சரியாகத் தெரியாது என்றார்.
தெரியாதென்று சொல்லும் டொக்டரை
அன்றுதான் பார்க்கிறேன்.
கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

உறைந்த தோள் என்று பெயராம்.
பனிக்கும் இதற்கும் ஒட்டில்லை.
மூட்டைப் போர்த்திய உறை தடித்துச் சுருங்குகிறது,
அவ்வளவுதான் என்று
தன் சட்டைக் கையைக் கொத்தாகப் பிடித்துக் காட்டினார்.

எனக்கு ஞாபகம் வந்தது
மேல்மாடி சும்ஸ்டைன் அம்மாவின் கம்பளிச் சட்டை.
சலவை அறையில் வியாழன் என் முறை.
மெஷினுக்குள் அவள் மறந்ததைப் பாராமல்
அறுபது பாகையில் ஓடவிட்டேன்.
வெளியே வந்ததை
ஒரு பொம்மைக்குப் போடலாம்.
மூன்று வருடமாய்ப் படியில் என்னைக் கண்டால்
தபால் பெட்டியோடு பேசுவாள்.

இரவுகளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.
இடப்பக்கம் மட்டும் படுக்கலாம்.
புரண்டால் எழும்பிவிடுவேன்,
எழும்பினால் விடிந்துவிடும்.

சோதிமலர் நல்லெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்தாள்.
வீடு மணந்தது, தோள் அசையவில்லை.
மூட்டுக்குள் ஓர் ஊசி போட்டார்கள்.
நோவு பாதி இறங்கிற்று;
சீனி நாலு நாள் ஏறி நின்றது.
பிறகு பிசியோதெரபி:
மேசையைப் பிடித்துக் குனிந்து
கையை மணியின் நாக்காய்த் தொங்கவிட்டு ஆட்டு.
சுவரைப் பார்த்து நின்று
விரல்களால் ஏறு.
ஏறிய இடத்தில் பென்சிலால் கோடு, பக்கத்தில் திகதி.
வாடகைச் சுவர்;
போகும்போது வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டும்.
முதல் கோட்டில் அந்தப் பெண் கோணமானி வைத்து அளந்தாள்.
அறுபது பாகை.
எனக்குச் சிரிப்பு வந்தது, அவளுக்கு ஏனென்று தெரியாது.

ஊரின் பெயர் தூண்.
ஒரு தட்டைத் தாங்காத தோளோடு
நான் அதில் குடியிருந்தேன்.
இடக்கையால் சாப்பிட்டேன், பார்க்க ஆளில்லை.
ஒரு கையால் தலைவாரப் பழகினேன்.
முதுகுக் கொக்கி மட்டும்
ஒரு கைக்கு அடங்குகிற காரியமில்லை.
மகன் இருப்பது சூரிச்சில்,
பக்கத்தில் இருந்தாலும் அவனிடமா கேட்பது?

முதியோர் இல்லச் சமையலறையில்
ஆறு மணிக்கு நிற்க வேண்டும்.
ஒரு விடிகாலை, கோட்டை இடக்கையால் பொத்திப் பிடித்தபடி
மேல்மாடி ஏறி
வலக்கையால் தட்டினேன், இடுப்புயரத்தில்.
அதற்குமேல் எழும்பாது.

கதவு திறந்தது.
திரும்பி நின்று கோட்டைத் தாழ்த்தினேன்.
எனக்கு அந்த ஜெர்மன் சொல் தெரியாது.
அவள் உள்ளே போய்க் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள்.
‘எந்த வரிசை? இரண்டாவதா, மூன்றாவதா?’
குளிர்ந்த விரல்கள்.

அப்படியே அந்த மாரி, ஒரு கோடை,
ஆரே ஆற்றில் சனம் மிதந்துபோக
இடுப்பளவு நீரில் நான் நின்றது,
மறுபடி மாரி.
வேலை நாளெல்லாம் ஐந்து இருபதுக்குத் தட்டினேன்.

மார்ச்சில் ஒருநாள் அவள் கதவை உடனே திறக்கவில்லை.
திறந்ததும் சொன்னாள்:
‘தட்டல் மேலேயிருந்து கேட்டது.
வேறு யாரோ என்று நினைத்தேன்.’
என் கை இன்னும் அங்கேயே நின்றது,
அவளுடைய பெயர்ப்பலகைக்கு நேரே.

முதுகுக்குப் போவதுதான் கடைசியாய்த் திரும்புமாம்,
இன்னும் சில மாதம் என்றேன்.
‘திரும்புங்கள்’ என்றாள்.

திரும்பு முன் உள்ளே பார்த்தேன்.
சோபாவில் அவளுடைய சுடுநீர்ப் பை,
கழுத்துவரை பொத்தான் பூட்டி
அந்தச் சாம்பல் கம்பளிச் சட்டையை அணிந்து கிடந்தது.
அளவாகத்தான் இருந்தது.