முந்நூற்றுப் பன்னிரண்டு

மஞ்சக்குப்பம் பெரியாஸ்பத்திரியில்
சீட்டைப் பார்த்த டாக்டரம்மா
காலையில் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார்.
வெறும் வயிறு என்றேன்.
வெறும் வயிற்றுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு.
கண்டக்டர் எனக்கு அது
ஏதோ தடம் எண் போலிருந்தது.
எங்கே போகும் என்று
பலகை இல்லாத பஸ்.

அன்று மாலையே குமுதவல்லி
அலமாரியைக் காலி செய்தாள்.
ஒன்றரைக் கிலோ மைதா,
பிரிக்காத சேமியா இரண்டு,
தீபாவளிச் சீட்டில் வந்த மக்ரோனி,
ஜவ்வரிசி, ரேஷன் சர்க்கரை,
ஜாமூன் மாவு. அதன் அட்டையில்
பாகில் மிதந்தபடி
இன்னும் மினுங்கிக்கொண்டிருந்தன உருண்டைகள்.

எதிர்வீட்டுக்குக் கொடுத்துவிடலாம் என்றேன்.
எதிர்வீட்டு ஞானப்பிரகாசத்துக்குப்
போன வருசமே கால்விரல் போயிற்றாம்.
மாடியில் இருவரும் மாத்திரை.
தெருவே இனித்துக் கிடந்திருக்கிறது,
எனக்குத்தான் தெரியவில்லை.

கொட்டவும் மனம் வரவில்லை.
கெடிலம் கரைமீறிய வருசம்
ஒரு கிலோ ரவைக்கு
முழங்கால் தண்ணீரில் நின்றவை
இந்தக் கால்கள்.
இப்போது ராத்திரியில் எரிவதும் இவைதான்.

"அப்ப நாங்க எடுத்துக்கலாமா?"
கேட்டது நறுமுகை.
மழைக்கு விட்ட லீவு வேறு.

மைதாவில் உப்பும் எண்ணெயும் போட்டுப் பிசைந்தார்கள்,
மஞ்சளுக்கு மஞ்சள்தூள்,
சிவப்புக்கு பீட்ரூட்.
மக்ரோனிக்குச் சாயம் பூசி
குமுதவல்லியின் கழுத்துக்கு ஆரம்.
சேந்தனின் அட்டையில் தேவனாம்பட்டினம் கடல்:
ஜவ்வரிசி நுரை, சேமியா வலை,
படகு மட்டும் பென்சில்.
ஒட்டுவதற்குப் பசை?
அதற்கும் மைதாதான், அடுப்பில் கிண்டியது.

போஸ்டர்காரன் வாளியில் இருப்பதும் இதே.
எத்தனை சுவர்களில் பார்த்திருக்கிறேன்,
மஞ்சள் நீராட்டு, கட்சி மாநாடு, கண்ணீர் அஞ்சலி.
இருபது வருசமாய் வயிற்றுக்குள்
நான் ஒட்டிக்கொண்டிருந்தது
எந்தப் போஸ்டரோ.

கலர்ச் சர்க்கரையில் செய்த மயில் மட்டும்
விடிந்தபோது பாதிதான் இருந்தது.
தோகையைத் தலையில் தூக்கி
சன்னலோரம் ஒற்றை வரிசையில்
எறும்புகள்.
சில்லறைக்குச் சண்டை போடாத,
படியில் தொங்காத பயணிகள்.

கடைசி டிரிப் முடிந்து
திருப்பாதிரிப்புலியூரில் இறங்கினால்
கல்லில் கரண்டி கொத்தும் சத்தம்
பெயர் சொல்லிக் கூப்பிடும்.
அதைத் தாண்டி வீட்டுக்கு வர
மூன்றாம் நாள்தான் முடிந்தது என்னால்.
முதல் இரண்டு நாள் கணக்கு
குமுதவல்லிக்குத் தெரியாது.
(தெரியும் என்று இப்போது நினைக்கிறேன்.)

மூன்றாம் நாள்
தூங்காமல் உட்கார்ந்திருந்தான் சேந்தன்.
எவர்சில்வர் தட்டில் நாலு பரோட்டா.
சுருள் சுருளாய், சரியான மடிப்பு.
காப்பித்தூள் தேய்த்துக் கருக்கிய புள்ளிகள்.
"இது எவ்ளோ வேணா சாப்பிடலாம்ப்பா.
உப்புதான் ஜாஸ்தி."

சால்னா கேட்டேன்.
காலி டம்ளரைச் சாய்த்து
சிந்தாமல் ஊற்றினான்.
பிய்த்தேன், வாய்வரை கொண்டுபோனேன்,
மென்றேன் காற்றை.
நாலையும் முடித்து ஏப்பம் விட்டு
பில் எவ்வளவு என்றேன்.

"முந்நூத்திப் பன்னெண்டு."

வீட்டில் எல்லோருக்கும்
அந்த எண் தெரிந்திருக்கிறது.

சில்லறை இல்லை, இறங்கும்போது தருகிறேன்
என்று எழுந்தேன்.
வழக்கமாய் நான் சொல்வதுதான்,
அவன் நம்பாமல் கையை நீட்டியபடியே
தூங்கிப்போனான்.

பிறகு அடுப்படியில் உட்கார்ந்து
இரண்டு கேழ்வரகு தோசை தின்றேன்.
மக்ரோனி ஆரத்தைக் கழற்றாமல்
குமுதவல்லி எதிரே இருந்தாள்.
கழுவியும் போகவில்லை,
விரலிடுக்கில் கொஞ்சம் மைதா.