முதலைகள்

தண்டேகா செவ்வாய்க்கிழமைதோறும் சொல்வாள்:
"பயிற்சி என்று சொல்லிவிடாதீர்கள்,
கையைப் பூட்டிக்கொள்வான்."
அதனால் துணி காயப்போடுகிறோம்.
சாட்ஸ்வர்த் வெயிலில், கொல்லைக் கம்பியில்
என் தொழிற்சாலைச் சட்டை,
அவன் அம்மாவின் நர்ஸ் உடுப்பு,
காலுறைகள், மேலும் காலுறைகள்.

கிளிப் ஒரு முதலை.
முதலை வாயைத் திறக்க வேண்டும்.
இடது கைக்கு அது ஒரு பொருட்டே இல்லை.
வலது கையோ
விருந்தாளி வந்த வீட்டுப் பிள்ளைபோல்
விலாவுக்குப் பின்னால் ஒளியும்.

உதடு அசையாமல் எண்ணுவேன்.
முந்தாநாள் ஆறு. நேற்று நாலு.
நோட்டில் எழுதும்போது
நாலை ஐந்தாக்கத் தோன்றும்.
ஒருமுறை ஆக்கியும் இருக்கிறேன்.

இன்று சுவரேறி வந்தது குரங்கு.
யுகேஷனின் இடது கையில் சமூசா.
விடுவானா அதை?
சுருண்டு கிடந்த வலக்கை
கூடைக்குள் போய்த் துழாவி
ஒரு முதலையை எடுத்து
எறிந்தது.

குரங்கின் மேல் படவில்லை.
என் நெற்றியில் பட்டது.

சிரிக்கிறான், வாயெல்லாம் உருளைக்கிழங்கு.
நெற்றியைத் தேய்த்தபடி
நோட்டைத் திறக்கிறேன்.
தேதி, நேரம், எண்ணிக்கை.
எறிந்ததற்குக் கட்டம் இல்லை.

ஓரத்தில் ஒரு குரங்கு வரைந்தேன்.
வால் மட்டும் சரியாக வந்தது.