பன்னிரண்டாம் எண்

பதினோரு பருவங்கள்.
ஆடியது பதினான்கு ஆட்டம்.
மற்ற நாளெல்லாம்
விசிலுக்கு நாற்பது நிமிடம் முன்பு
ஆய்னிக்கியின் கைகளைச் சூடேற்றுவது என் வேலை.
இடப்பக்கம் தாழ்ந்து வரும் பந்துக்கு
அவள் அரை நொடி பிந்துவாள்.
எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரியும்.
எதிரணி பார்க்கும் நேரத்தில்
அந்தப் பக்கம் நான் அடிப்பதேயில்லை.

ஔலுவில் ஏப்ரல் வரை பனி.
குளிர்காலம் முழுக்கக் கொட்டகைக்குள் பயிற்சி.
செயற்கைப் புல்லின் கறுப்பு ரப்பர்த் துகள்
காலுறை, உள்ளாடை, காதுமடல்
எங்கும் குடியேறும்.
வீட்டுக்காரர் சலவை இயந்திரத்தை இரண்டு முறை மாற்றினார்,
மூன்றாவதை
என் முன்பணத்தில் கழித்துக்கொண்டார்.

ஒப்பந்தத்தில் 'தொழில்முறை ஆட்டக்காரர்' என்றிருந்தது.
அந்த வரியை அம்மாவுக்குத் தொலைபேசியில் படித்தேன்.
தொகை இருந்த வரியைப் படிக்கவில்லை.
விடியற்காலை ஐந்தரைக்கு
எட்டாம் எண் பேருந்தை எடுப்பேன்.
அதன் பக்கவாட்டில் எங்கள் கிளப்பின் விளம்பரம்:
பின்சக்கரத்துக்கு மேலே
ஆய்னிக்கி பாய்ந்துகொண்டிருப்பாள்.
பனி உருகும் நாட்களில் அவள் முகமெல்லாம் சேறு.
பணிமனையில் நானே கழுவிவிடுவேன்.

காத்திருப்பதும் ஆட்டம்தான் என்பவர்கள்
பெஞ்சில் உட்கார்ந்து பார்க்காதவர்கள்.
முதுகு விறைக்கும், கால்விரல் மரத்துப்போகும்.
அதுகூடப் பரவாயில்லை.
அவள் விழுந்து ஒரு கணம் எழாமல் கிடந்தால்
எனக்குள் ஒன்று சட்டென்று எழுந்து
கையுறையை மாட்டிக்கொள்ளும்.
அவள் எழுந்ததும் உட்கார்ந்துவிடும்.
எல்லோரையும்விடச் சத்தமாக
நான் கைதட்டுவது அப்போதுதான்.

ஏழாம் பருவம், மே மாதம், தூறல்.
முதல் பந்தை வைத்தேன்.
கம்பத்தை விட்டு என்னருகே வந்து
"வயிற்றுக்கு நேரே அடிக்காதே" என்றாள்.
பந்தைப் பார்த்தேன். அவளைப் பார்த்தேன்.
"யார்க்கோவுக்குத் தெரியுமா?"
"தேமுவுக்கே இன்னும் சொல்லவில்லை."
கணவனுக்கு முன், பயிற்சியாளருக்கு முன்,
அவள் இடத்துக்குக் காத்திருந்தவளிடம் சொன்னாள்.
அன்று எல்லாப் பந்தையும்
தரையோடு, ஓரமாக, மெல்ல விட்டேன்.
பாசத்தில் என்று எழுதக் கை வருகிறது.
கணக்கும் போட்டுக்கொண்டிருந்தேன்:
பருவத்தில் இன்னும் எத்தனை ஆட்டம் பாக்கி?

பதின்மூன்று.
வாங்கிய கோல் பத்தொன்பது.
ஒரு பெனால்டியைத் தடுத்தேன்:
நான் பாய்ந்தது வலப்பக்கம்,
பந்து பட்டது பின்தங்கிய முழங்காலில்.
புகைப்படத்தில் பார்த்தால்
பத்து வருடம் திட்டமிட்டதுபோல் இருக்கிறது.
மறுநாள் பேருந்தில் ஒரு பள்ளிச் சிறுவன்
அட்டையைக் காட்டிக்கொண்டே
"நேற்று மூன்று விட்டீர்கள்" என்றான்.
"தெரியும், அங்கேதான் இருந்தேன்" என்று
கதவை மூடினேன்.

அடுத்த வசந்தத்தில் அவள் திரும்பினாள்.
குழந்தையை என் மடியில் விட்டுவிட்டு
வலைக்கு முன் போய் நின்றாள்.
இளையவர்கள் அடித்தார்கள்.
இடப்பக்கத்துக்கு
இப்போது முழு நொடி பிந்தினாள்.
யார்க்கோ என்னிடம் வந்து, குரலைத் தாழ்த்தி,
"நீ சொல், எப்படி இருக்கிறாள்?"
குழந்தை என் கையுறைப் பட்டையைக்
கடித்துக்கொண்டிருந்தது, பல்லில்லாமல்.
"தயார்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று
நான்கு பருவம் யோசித்தேன்,
யோசிக்க வசதியான இருக்கை அது.
நட்பு என்று சொல்லலாம்.
பத்தொன்பது என்றும் சொல்லலாம்.

கடைசி நாளில்
என் சட்டையைக் கண்ணாடிச் சட்டமிட்டுக் கொடுத்தார்கள்.
கோஸ்கெலா, பன்னிரண்டு.
எட்டாம் எண்ணிலேயே வீடு வந்தேன், பயணியாக.
புது ஓட்டுநர் என்னிடம் சீட்டுக் கேட்டார்.
பேருந்தின் பக்கவாட்டில் இப்போது
பல் மருத்துவமனை விளம்பரம்.

இரவு சட்டத்தைச் சுவரில் சாய்த்து வைத்தபோது
காலர் மடிப்பருகே ஒரு கறுப்புப் புள்ளி.
ரப்பர்த் துகள்.
கண்ணாடியைத் துடைத்தேன்.
உள்பக்கம் இருக்கிறது.