ஈரம் கழித்தது போக

எடை எவ்வளவு என்று கேட்டான் ஜெபின்.
அறுபத்திரண்டு என்றேன்.
கல்யாணப் பேச்சு நடந்த வருஷம்
பயோடேட்டாவில் எழுதிய எண்.
அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை,
நானும் திருத்தவில்லை.

கோயம்புத்தூரிலிருந்து பார்சல் வர ஒன்பது நாள்.
மஞ்சள் பெயின்ட் அடித்த ஸ்பிரிங்.
ஒரு மில்லிமீட்டர் அமுங்க ஏழு கிலோ வேண்டும் என்று
இடுப்பில் எழுதியிருந்தது.
பழசு துருப்பிடித்த கறுப்பு. இது, சொன்னால் என்ன,
நகைக்கடையில் இருந்து வந்த மாதிரி.

மாட்டிக்கொண்டு சுருளகோடு போனேன்.
பொன்மனை இறக்கத்தில்
ரப்பர் வேர் தாரைத் தூக்கிவைத்திருக்கும் இடத்தில்
பின்சக்கரம் மட்கார்டை நக்கியது.
திரும்பும்போது முப்பது கிலோ ஷீட்டு பின்னால்.
முதுகுத்தண்டின் ஒவ்வொரு கணுவும்
தனித்தனியாய்ப் பெயர் சொன்னது.

மேலே ரிங்கை முறுக்கேன் என்றேன்.
முறுக்கினான். நான் உட்கார்ந்தேன்.
பங்சர் ஒட்ட வந்த பால் சொசைட்டிக்காரர்
ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொள்ள,
ஆக்சிலில் இருந்து சீட்டுக்கடியில் போட்ட
சாக்பீஸ் கோடுவரை டேப் வைத்து அளந்தான்.
சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அறுநூற்றுப் பன்னிரண்டு.
நான் ஏறினால் ஐந்நூற்று அறுபத்திரண்டு.
ஐம்பது அமுங்கல், சரியாய் வந்துவிட்டது.
பணத்தை எடுக்கக் கை போனது.

இறங்குங்க என்றான்.
இறங்கினேன்.
வெறும் வண்டியை அளந்தான்.
அறுநூற்று எட்டு.

நாலே நாலு மில்லி.
தன் சொந்தப் பாரத்துக்கே தணியாமல்
விறைத்து நின்றது வண்டி.
பலமாத்தானே இருக்கு என்றேன்.
"இல்லக்கா. ஆளில்லாதப்ப இப்படி வெறச்சு நின்னா
ஸ்பிரிங் இளசுன்னு அர்த்தம்.
உங்களத் தாங்க முடியாமத்தான்
இவ்வளவு முறுக்க வேண்டியதாச்சு.
முறுக்குனா உயரும், உறுதியாவாது."
டேப்பைச் சுருட்டினான்.
"ஷைலாக்கா, எடை சரியாத்தான் சொன்னியளா?"

பால் சொசைட்டிக்காரர்
டியூபைத் தண்ணீரில் முக்கி
இல்லாத குமிழியைத் தேடத் தொடங்கினார்.

ஞானதாஸ் கடைத் தராசு ரோட்டுக்கு அந்தப் பக்கம்.
பதினோரு வருஷமாய் என் ஷீட்டு ஏறும் தட்டு.
செருப்போடு ஏறினேன்.
எழுபத்தி நாலு முந்நூறு.
சிவப்பு எண் ஒருமுறை சிமிட்டி
அங்கேயே நின்றுவிட்டது.
ஈரத்துக்கு ஒண்ணரை கழிக்கலாமா என்று கேட்டேன்.
என் ஷீட்டில் தினமும் கழிக்கிற மனுஷன்
முதல்முறையாகச் சிரித்தார்.

வாசலில் நின்று ஜெபின் கத்தினான்:
"ஸ்பிரிங்குக்கு ஈரமும் காய்ச்சலும் ஒண்ணுதான்.
ஹெல்மெட், மழைக்கோட்டு, சோத்துப்பாத்திரம்,
எல்லாத்தையும் கூட்டிச் சொல்லுங்க!"
ஜங்ஷனில் பஸ்ஸுக்கு நின்ற ஏழெட்டுப் பேர் கேட்க
எழுபத்தெட்டு என்றேன்.
ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது இருப்பது எட்டரை. கறுப்பு.
வெறும் வண்டி பதினைந்து மில்லி தணிந்து நிற்கிறது,
காத்திருக்கத் தெரிந்த மாதிரி.
ஷீட்டு ஏற்றினால் ரிங்கை ரெண்டு சுற்று,
இறக்கினால் ரெண்டு சுற்று பின்னால்.
ஸ்பேனர் சீட்டுக்கடியில் கிடக்கிறது.
பொன்மனை வேரில் ஏறுகிறேன், எழுகிறேன்,
உட்காருகிறேன். அவ்வளவுதான்.

அந்த மஞ்சள் ஸ்பிரிங்
ஜெபின் கடை ஆணியில் தொங்குகிறது.
அறுபத்திரண்டு கிலோவில் யாராவது வந்தால்
பாதி விலைக்குக் கொடுப்பானாம்.
போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.
இன்னும் வரவில்லை அவள்.