மிச்ச வாளி

துறைமுகத்துப் பாரந்தூக்கிக்கும்
எங்கள் வீட்டுக் கேற்றுக்கும் ஒரே சாம்பல்.
எதிர்வீட்டு ஆட்டுக்கூடு, கிணற்றுக் கப்பி,
பாலையூற்றுச் சேமக்காலையில்
சில்வெஸ்தர் தன் மாமியாருக்கு நட்ட இரும்புச் சிலுவை,
எல்லாம் அதே சாம்பல்.
இந்த ஒழுங்கையில் யாரும் நிறம் தெரிந்தெடுத்ததில்லை.
வாளியின் அடியில் மிஞ்சுவதே எங்கள் ரசனை.

பகலில் நான் அளப்பவள்.
உள்ளங்கைக்குள் அடங்கும் மீற்றர்.
மூக்கை இரும்பில் வைத்தால் ஒரு கீச்சு.
நூற்றி எண்பது மைக்ரோன். சரி.
நூற்றி எழுபத்தைந்து. சரி.
தொண்ணூறு.
"முபாறக் நானா, இதில மெலிஞ்சு கிடக்கு."
தொங்கு பலகையில் நின்றபடி
என்னைப் பார்க்காமல் கடலைப் பார்க்கிறார்.
"அளக்கிற ஆக்களுக்கு வெயில் தெரியாது தங்கச்சி."
சொல்லிவிட்டுப் பூசுகிறார்.

கச்சான் எறிக்கும் மாதங்கள்தான் எங்களுக்கு.
வாடை திரும்பினால் காலையில் இரும்பு வியர்க்கும்.
வியர்த்த இரும்பில் பூசுவது
அழுகிறவளுக்குப் பவுடர் போடுவது மாதிரி என்பார்.
அதையே நான்
"ஈரப்பதன் எண்பத்தைந்துக்கு மேல், வேலை நிறுத்தம்"
என்று எழுதிக் கையெழுத்து வைப்பேன்.

பரந்த இடத்தில் கறள் தொடங்குவதில்லை.
ஆணித்தலையின் கீழே, வெல்டிங் மூட்டில்,
தகட்டின் விளிம்பில் தொடங்குகிறது.
கூரான எதுவும்
தன்மேல் பூச்சைத் தங்கவிடாது, விலக்கிவிடும்.
அதனால் விளிம்புகளுக்கு முதலில்
சின்னப் பிறஷால் ஒரு தரம்,
பிறகு எல்லாவற்றோடும் சேர்த்து இன்னொரு தரம்.

போன ஆவணியில்
சாம்பலைச் சுரண்டினோம், கீழே பச்சை.
பச்சையைச் சுரண்டினோம், கீழே காவி.
காவியில் ஒரு கை.
ஈரம் காயுமுன் பதிந்த முழு உள்ளங்கை,
விரல்கள் மேல்நோக்கி,
மணிக்கட்டுப் பக்கம் கொஞ்சம் இழுபட்டு.
மீற்றரை வைத்தேன்.
விரல்களின் நடுவே நாற்பது.
ஓரங்களில், ஒதுங்கித் தடித்த இடத்தில், இருநூற்றிப் பத்து.

முபாறக் நானா தன் கையை மேலே வைத்துப் பார்த்தார்.
பொருந்தவில்லை.
"வழுக்கியிருக்கான்" என்றார்.
இருவரும் கீழே பார்த்தோம்.
ஐம்பது அடி. கொங்கிறீற்.
பிடித்துக்கொண்டானா என்று
இரும்பில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

வெறும் உலோகம் தெரியும்வரை என்பது ஒப்பந்தம்.
பதினொரு மணிக்கு மணல் அடித்தார்கள்.
நான் மறுபக்கம் நின்றேன்.
குறைபாடு: ஒன்று. சீர்செய்யப்பட்டது.
அந்தப் பக்கத்துக்கு மட்டும்
முபாறக் நானா, கேட்காமலே,
மூன்று தரம் பூசினார்.
முந்நூறு காட்டியது. கூடுதல்தான்.
நான் நூற்றி எண்பது என்று எழுதினேன்.

அன்றைக்கு மிச்ச வாளியோடு மீற்றரும்
தவறுதலாக என் பையில் உப்புவெளிக்கு வந்தது.
கேற்றில் வைத்தேன்.
அறுநூற்றி நாற்பது.
எத்தனை ஆண்டின் வாளிகள்!
எந்தக் கப்பலுக்கும் இவ்வளவு கவசமில்லை.
பிணைச்சலில் வைத்தேன்.
எண் நிலைகொள்ளாமல் ஓடியது.
அங்கே பூசியதே இல்லை, செங்கறள்,
தொட்டால் விரலில் ஒட்டுகிறது.

பிறஷை எடுத்தேன்.
"அதை விடு" என்றார் அப்பா உள்ளேயிருந்து.
இரவில் யார் திறந்தாலும்
முதலில் கத்துவது அதுதான்.
அந்த நாட்களில்
அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்
விளக்கை அணைத்தோம்.

வாளியை மூடி வைத்தேன்.