சல்லடையில் நின்றது

சீர்காழி மேலவீதியில், மாடியில் என் பல் மருத்துவமனை.
எதிரே எழும்பிக்கொண்டிருக்கிறது ஒரு செல்போன் கடை.
கொள்ளிடத்து மணல் இரண்டு லோடு
ராத்திரி ஒரு மணிக்கு இறங்கியது.

காலையில் சலித்தபோது
எல்லாம் கீழே போக
ஒன்று மட்டும் நின்றது.
ஜல்லி, தூக்கிப் போடு என்றார் மேஸ்திரி.
தையல்நாயகி திருப்பிப் பார்த்து
"கல்லுக்கு ஏது வேர்?" என்றாளாம்.

படியேறி வந்து என் மேசையில் வைத்தாள்.
உள்ளங்கையை நிறைத்த கடைவாய்ப் பல்.
பழுப்பு. கனம். ஈரம் இன்னும் போகவில்லை.
தேய்ந்த முகத்தில் எனாமல் வளைந்து வளைந்து
மூன்று இதழாய் விரிந்திருந்தது,
சட்டைநாதர் கோயில் நந்திமேல்
யாரோ வைத்துப்போன வில்வம் மாதிரி.

மாடில்லை. குதிரையில்லை.
யானைக்கு இப்படி மடியாது.
இரண்டு இரவு துழாவிக் கண்டுபிடித்தேன்:
நீர்யானை.
ஆப்பிரிக்காவில் இருப்பதற்குப் பங்காளி முறை.
அதற்குக் கீழ்வாயின் முன்னால் நாலு பல்,
இதற்கு ஆறு.
பெயரிலும் ஆறு, கிடந்ததும் ஆறு.

ஜூன் பன்னிரண்டுக்குக் காத்திராத தண்ணீரில்
பகலெல்லாம் ஊறி,
பொழுது சாய்ந்து கரையேறி,
கோரையும் அறுகும் மேய்ந்திருக்கும்.
ஏன் அற்றுப்போனது?
ஒரு கட்டுரை மழையைச் சொல்கிறது,
இன்னொன்று நம்மைச் சொல்கிறது.

வாயில்லா ஜீவன் என்போம்.
இது ஜீவனில்லா வாய்.
இருபத்தாறு வருடத்தில் என்னிடம் வந்தவற்றில்
எங்கே வலிக்கிறதென்று காட்டாத முதல் பல்.
இருந்தாலும் கை சும்மா இருக்குமா?
விளக்கைத் தாழ்த்தி வேரைப் பார்த்தேன்.
நுனி கரைந்திருந்தது. சீழ்.
ஒரு மழைக்காலமாவது
இந்தப் பக்கம் விட்டு
அந்தப் பக்கமே மென்றிருக்கும், பாவம்.

மூன்றாம் நாள் விவரம் கேட்க வந்தாள்.
சொன்னேன்.
"புல்லுதானே தின்னுச்சு? முட்டாயா தின்னுச்சு?
அதுக்கு எப்பிடி சொத்தை?"
"மணல்தாம்மா. புல்லோட மணலும் போகும்.
தேயும், பிளக்கும், அப்புறம் உள்ள இறங்கும்."
"அப்ப எனக்கும் அதான்" என்று
இடக் கன்னத்திலிருந்து முந்தானையை எடுத்தாள்.
வீங்கியிருந்தது.
முதல் நாளும் அப்படித்தான் பிடித்திருந்தாள்;
நான் பார்த்தது அந்தப் பல்லை.

நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தாள்.
எதிரே மூன்றாவது லோடு
பின்பக்கம் தூக்கிக்கொண்டு
சரசரவென்று கொட்டத் தொடங்கியது.
"அசையாதீங்க" என்றேன்.